ஃபேக்டரி கேட்டில் நிற்கும் மிலிட்டரிக்காரர்... அவருக்கான பாக்கியை யார் கேட்பது?

ஒரகடம் பக்கம் காலை ஷிஃப்ட் மாறும் நேரம். வாலாஜாபாத் சாலையிலும் ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கார், பைக், டயர் எனத் தயாராகும் இந்தத் தொழிற்சாலைகளின் கேட்டுகளில், இறங்கி வரும் தொழிலாளியின் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுகிற செக்யூரிட்டிகளில் பலர் ஒரு காலத்தில் நாட்டின் எல்லையில் நின்றவர்கள். முதுகு வளையாமல் நிற்கும் விதத்தை வைத்தே, 'இவர் மிலிட்டரிக்காரர்' என்று கண்டுபிடித்துவிடலாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை ஒட்டியிருக்கும் கிராமம் வடக்குப்பட்டு. 2022-ல் மத்தியத் தொல்லியல் துறை இங்கே குழி தோண்டி, பழங்காலக் கற்கருவிகளையும் கட்டட எச்சங்களையும் வெளியே எடுத்தபோது, பேப்பரிலும் டி.வி-யிலும் ஊர்ப் பெயர் அடிபட்டது. அதே 2022-ல், இந்தச் சுற்றுவட்டாரத்தின் முன்னாள் ராணுவத்தினர் எதிர்பார்த்துக் காத்திருந்த வேறொரு செய்தி டெல்லியிலிருந்து வந்தது. 'ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

தீர்ப்பு வந்தது மார்ச் 16, 2022-ல். அதில் சொல்லப்பட்ட பாக்கித் தொகையின் கடைசித் தவணைக்கான கெடு முடிந்ததோ பிப்ரவரி 28, 2024-ல். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் நடந்தது என்ன? ராணுவ வீரர்களின் நலனுக்கு அரசு எந்த அளவுக்குப் பதில் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, இந்த ஒரு கதை போதும்.

நாற்பது வயதில் ஓய்வு!

அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் 60 வயதுவரை சம்பளம் வாங்கலாம். சிப்பாய்க்கு அப்படியில்லை. படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 15 ஆண்டுகள் பணி முடித்தால் பென்ஷன் உண்டு. பெரும்பாலான சிப்பாய்கள் 35 வயதிலிருந்து 40 வயதுக்குச் சற்று மேல் வரையிலான காலத்தில் பெட்டியோடு ஊர் திரும்பிவிடுவார்கள். பிள்ளைகள் அப்போதுதான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும்.

அதனால்தான் இரண்டாவது வேலை தேவைப்படுகிறது. முன்னாள் படைவீரர்களுக்கு வேலை வாங்கித் தருவதற்காகவே தமிழக அரசு 1986-ல் 'டெக்ஸ்கோ' என்ற கழகத்தைத் தொடங்கியது. இன்றைக்கும் அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் பலவற்றில் பாதுகாவலர்களாக இருப்பவர்கள் இதன் மூலம் வந்தவர்களே. ஒரகடம் மாதிரியான தொழிற்பேட்டைகளில் தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளும் முன்னாள் ராணுவத்தினரைத் தேடிப்பிடித்து எடுக்கின்றன.

கேட்டில் வாங்கும் சம்பளம் ஒருபக்கம் இருக்கட்டும். மாதம் பிறந்தால் நிச்சயம் வரும் என்று குடும்பம் நம்பியிருப்பது பென்ஷனைத்தான்.

சிக்கல் எங்கே?

ஒரே ரேங்க், ஒரே அளவு சர்வீஸ் உள்ள இரண்டு ஹவில்தார்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1995-ல் ஓய்வுபெற்றார், இன்னொருவர் 2013-ல். பென்ஷன் கணக்கிடப்படுவது கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து. ஒவ்வொரு ஊதியக் குழுவுக்குப் பிறகும் சம்பளம் ஏறுவதால், பின்னால் ஓய்வுபெற்றவருக்குப் பென்ஷன் அதிகம். இருவரும் செய்தது ஒரே வேலை, வருடங்களும் ஒன்றே. ஆனால், மூத்தவருக்குக் குறைவான பணம்.

இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யுங்கள் என்பதுதான் 'ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்' கோரிக்கை. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவையின் மனுக்கள் குழு, 2011 டிசம்பரில் இதை ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. 2014 பிப்ரவரி 17-ம் தேதி இடைக்கால பட்ஜெட்டில், அப்போதைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் கொள்கை அளவில் ஏற்பதாக அறிவித்து 500 கோடி ரூபாய் ஒதுக்கினார். ஆட்சி மாறியது. ஜூலையில் அருண் ஜெட்லி 1,000 கோடி ஒதுக்கினார். உத்தரவு மட்டும் வரவில்லை.

2015 ஜூனில் முன்னாள் ராணுவத்தினர் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முதல் நாள், பாதுகாப்பைக் காரணம் காட்டி போலீஸ் அவர்களை அப்புறப்படுத்த முயன்ற காட்சிகள் நாடெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்தின. பிறகு செப்டம்பர் 5-ம் தேதி அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் திட்டத்தை அறிவித்தார். நவம்பர் 7-ம் தேதி உத்தரவு வெளியானது.

ஜூலை 1, 2014 முதல் திட்டம் அமல். 2013-ல் ஓய்வுபெற்றவர்கள் வாங்கிய குறைந்தபட்ச, அதிகபட்ச பென்ஷனின் சராசரியை எடுத்துப் பழையவர்களுக்கும் நிர்ணயிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திருத்தி அமைக்க வேண்டும். உத்தரவின் சாரம் இதுதான்.

கோர்ட் சொல்லியும் நடக்கவில்லை

ஐந்து ஆண்டுக் கணக்குப்படி 2019 ஜூலையில் திருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதற்கிடையே, 'ஐந்து ஆண்டு இடைவெளியே தவறு, தானாகவே உயர வேண்டும்' என்று இந்திய முன்னாள் படைவீரர் இயக்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது.

நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், சூர்ய காந்த், விக்ரம் நாத் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. திட்டத்தை எப்படி வகுப்பது என்பது அரசின் கொள்கை முடிவு, அதில் அரசியல் சாசனப் பிழை இல்லை என்று சொல்லிவிட்டது. அதேசமயம், அரசு தானே எழுதிய உத்தரவையாவது மதிக்க வேண்டும் அல்லவா? 2019 ஜூலை 1 முதல் திருத்தம் செய்து, பாக்கியை மூன்று மாதங்களுக்குள் கொடுங்கள் என்றது நீதிமன்றம்.

மூன்று மாதம் முடிந்தது. அரசு அவகாசம் கேட்டது. 2022 செப்டம்பரில் மேலும் மூன்று மாதம் கிடைத்தது. டிசம்பர் 23-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 25.13 லட்சம் பேருக்குப் பலன், ஆண்டுக்குச் சுமார் 8,450 கோடி ரூபாய் செலவு, 2022 ஜூன் வரையிலான பாக்கி மட்டும் சுமார் 23,638 கோடி ரூபாய் என்று கணக்கும் சொன்னது. 2023 ஜனவரியில் நீதிமன்றம் மார்ச் 15 வரை கெடுவை நீட்டித்தது.

அதன் பிறகு நடந்ததுதான் திருப்பம். ஜனவரி 20-ம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கடிதம் வெளியிட்டது. குடும்ப பென்ஷன் வாங்குபவர்கள், வீர விருது பெற்றவர்கள் தவிர மற்றவர்களுக்குப் பாக்கி, ஆறு மாதத்துக்கு ஒன்றாக நான்கு தவணைகளில் வரும் என்றது அந்தக் கடிதம். உச்ச நீதிமன்றம் வைத்த கெடுவை, ஓர் அமைச்சகம் தானாகவே மாற்றி எழுதிவிட்டது!

தலைமை நீதிபதியாகியிருந்த சந்திரசூட்டின் அமர்வு இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. அமைச்சகத்தின் செயலாளர் விளக்கம் தர வேண்டும், கடிதத்தை உடனே திரும்பப் பெற வேண்டும் என்றது. காத்திருந்த காலத்திலேயே நான்கு லட்சம் பென்ஷன்தாரர்கள் இறந்துவிட்டார்கள் என்று முன்னாள் படைவீரர்கள் தரப்பு வழக்கறிஞர் முறையிட்டார். மார்ச் 20-ம் தேதி அட்டர்னி ஜெனரல் ஆர்.வெங்கடரமணி சீல் வைத்த கவரில் அரசின் விளக்கத்தைக் கொடுக்க முயன்றபோது, நீதிமன்றம் அதை வாங்க மறுத்துவிட்டது. பணம் எப்போது வரும் என்பதில் ரகசியம் எதற்கு என்பதே கேள்வி.

அன்றைக்கு நீதிமன்றமே ஓர் அட்டவணை போட்டது.

* குடும்ப பென்ஷன்தாரர்கள், வீர விருது பெற்றவர்கள் - சுமார் 6 லட்சம் பேர்: ஏப்ரல் 30, 2023-க்குள்.
* 70 வயதைக் கடந்தவர்கள் - 4 முதல் 5 லட்சம் பேர்: ஜூன் 30, 2023-க்குள்.
* மீதமுள்ள 10 முதல் 11 லட்சம் பேர்: மூன்று சம தவணைகளில், பிப்ரவரி 28, 2024-க்குள்.

கணவரை இழந்த பெண்களும் முதியவர்களும் வரிசையில் முன்னால் வந்தது இப்படித்தான்.

அரசு தரப்பு சொல்வது என்ன?

பணச் சுமை நிஜம். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கான மொத்த ஒதுக்கீடு 6,81,210 கோடி ரூபாய். அதில் பென்ஷனுக்கு மட்டும் 1,60,795 கோடி. ஒரே நேரத்தில் பெரும் தொகையைக் கொடுத்தால் பட்ஜெட் தாங்காது என்பது அரசின் வாதம். நீதிமன்றமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கடைசிப் பிரிவினருக்குத் தவணை கொடுத்தது.

ஆனால், எல்லாத் தாமதத்துக்கும் பணம் காரணமல்ல. ஓய்வுபெற்ற கேப்டன்களின் பென்ஷன் குளறுபடியைத் தீர்க்கும்படி கொச்சியில் உள்ள ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் 2021 டிசம்பரிலேயே அரசிடம் சொன்னது. ஆண்டுகள் ஓடியும் முடிவெடுக்கவில்லை. 2024 ஜூலை 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் அரசுக்கு 2 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, அதை ராணுவ நல நிதியில் கட்டச் சொன்னது.

பணியில் இருக்கும்போது மட்டும் எல்லாம் சரியாக நடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி அறிக்கை, சியாச்சின் மாதிரியான பனிமலை முகாம்களைப் பற்றிப் பேசியது. பனிக் கண்ணாடிகளுக்கு 62 முதல் 98 சதவிகிதம் வரை தட்டுப்பாடு, மாற்று உணவுப் பொருள்கள் கொடுத்ததில் கலோரி அளவு 82 சதவிகிதம் வரை குறைவு என்று அதில் இருந்தது. அது பழைய ஆண்டுகளின் கணக்கு, இப்போது நிலைமை மாறிவிட்டது என்றது ராணுவம். கேள்வி கேட்க ஒரு தணிக்கை அமைப்பு இருந்ததால்தான் அந்தப் பதிலாவது கிடைத்தது.

ஒரு மாத பென்ஷன் நின்றால்...

2022 மே மாதத் தொடக்கத்தில் நாடு முழுக்கப் பல முன்னாள் ராணுவத்தினரின் செல்போனில் வங்கி மெசேஜ் வரவில்லை. 'ஸ்பர்ஷ்' என்ற ஆன்லைன் முறைக்குப் பென்ஷன் கணக்குகளை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. வருடாந்தர உயிர்ச் சான்று சரிபார்க்கப்படாத 58,275 பேருக்கு ஏப்ரல் பென்ஷன் போய்ச் சேரவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சகம் சிறப்பு விலக்கு கொடுத்து மே 4-ம் தேதி பணம் போட்டது. சான்று தரக் கெடுவும் மே 25 வரை நீண்டது.

58,275 என்பது ஒரு பட்டியலின் கடைசி வரி. அதில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் அது வாடகை, மருந்து, ஸ்கூல் ஃபீஸ்.

கிராமங்களில் சிக்கல் இன்னும் சின்ன விஷயத்தில் தொடங்குகிறது. பணிப் பதிவேட்டில் மனைவி பெயர் ஒரு எழுத்தில், ஆதாரில் வேறு எழுத்தில் இருக்கும். கணவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. அவர் போன பிறகு, குடும்ப பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்த ஒற்றை எழுத்து பெரிய சுவராக எழுந்து நிற்கிறது.

எங்கே போய்க் கேட்பது?

* முதல் படி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். வடக்குப்பட்டு மாதிரியான ஊர்க்காரர்களுக்குக் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. விண்ணப்பம் எழுத, சான்றிதழ்கள் வாங்க, மாநில அரசின் உதவிகளைப் பெற இங்கே போகலாம்.

* பெயர், பிறந்த தேதி, வாரிசு விவரம் தவறாக இருந்தால், படைப்பிரிவின் ஆவணக் காப்பு அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது குன்னூர் வெலிங்டனில் இருக்கிறது.

* பென்ஷன் தொகையில் தவறு என்றால், ஸ்பர்ஷ் தளத்தில் புகார் பதியலாம். ராணுவத்தினரின் பென்ஷன் கணக்கைப் பார்ப்பது பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்வது முக்கியம்.

* பதிலே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பித்த 30 நாளில் பதில் தர வேண்டும்.

* எதற்கும் அசையவில்லை என்றால் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இதற்குச் சென்னையிலேயே கிளை உண்டு. டெல்லி போக வேண்டியதில்லை.

வருடம் ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்க மறக்கக் கூடாது. 'ஜீவன் பிரமாண்' மூலம் செல்போனிலேயே முகம் காட்டிப் பதியலாம். பொதுச் சேவை மையங்களிலும் செய்து தருகிறார்கள்.

அடுத்து என்ன?

மூன்றாவது திருத்தம் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அடுத்தது 2029-ல் வர வேண்டும். அது 2029-லேயே வருமா, மறுபடியும் கோர்ட் வாசலில் காத்திருந்து வருமா என்பதை, இப்போதே கேட்கத் தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

இன்னொரு கேள்வியும் வாசலில் நிற்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணியின் நான்கு ஆண்டுப் பணி, 2026 இறுதியில் முடியத் தொடங்குகிறது. அவர்களில் 25 சதவிகிதம் பேர் வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் 'சேவா நிதி'யோடு ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு பென்ஷன் கிடையாது. இருபதுகளின் நடுவில் இருக்கும் அந்தப் பிள்ளைகளும் இதே ஒரகடம் கம்பெனிகளின் வாசலுக்கு வேலை தேடி வருவார்கள்.

அப்போது அந்த கேட்டில் அவர்களின் பேப்பரை வாங்கிப் பார்ப்பவர், பெரும்பாலும் பென்ஷன் பாக்கிக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்த ஒரு பழைய மிலிட்டரிக்காரராகத்தான் இருப்பார்.