உலோகம் அலறுவது ஏன்?

அம்பிட்டிய, ஹந்தானை முதலிய மலைச்சரிவுகளில் வாழும் வாசகர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சல் புதிதன்று. தோட்டத்து மக்கள் அங்குள்ள இயந்திரத்துக்கே ‘ரோதை முனி’ என்று பெயரிட்டுப் பூசை வைப்பதும் யாவரும் அறிந்ததே. அவ்வியந்திரத்தின் பற்சக்கரம் ஒன்று முறிந்துவிட்டால், வாட்டிய கொழுந்து காத்திராது. புதிய சக்கரம் கடல் கடந்து வரும்வரை பொறுத்திருக்க இயலாதாகையால், அருகிலுள்ள பட்டறையிலேயே அதனை வெட்டியெடுக்க வேண்டும். இத்தேவை நேற்றுத் தோன்றியதன்று. 1854-ஆம் ஆண்டில் ஜோன் வாக்கர் என்பவர் கண்டியில் இயந்திரத் தொழிலைத் தொடங்கியது, அந்நாளைய கோப்பித் தோட்டங்களின் பொருட்டேயாகும்.

பல்வெட்டும் இவ்வேலையைச் செய்வது மில்லிங் இயந்திரம். கடைசல் இயந்திரத்தில் சுழல்வது வேலைப்பொருள். இதிலோ சுழல்வது பல பற்களையுடைய கட்டர். ஒவ்வொரு பல்லும் உலோகத்தைத் தட்டி, ஒரு சீவலைக் கழித்துவிட்டு நீங்க, அடுத்த பல் வந்து தட்டுகிறது. நிமிடத்துக்கு 1,200 முறை சுழலும் நாற்பற்கட்டர் விநாடிக்கு 80 தட்டுகள் தட்டும். இத்தனை தட்டுகளையும் தாங்கிக்கொண்டு இயந்திரம் அமைதியாக ஓடுவதே ஒரு வியப்பு எனலாம். ஆயினும் சில வேளைகளில், எவரும் எதனையும் மாற்றாதிருக்கவே, திடீரென அது வீறிட்டு அலறத் தொடங்கும். வெட்டிய முகத்தில் மீன்செதில்போல் தழும்புகள் தோன்றும். கட்டரின் பல் உதிரும். விலையுயர்ந்த கார்பைடு முனையாயின் நட்டம் பெரிது; இயக்குபவரின் செவிக்கு நேரும் நட்டமோ அதனினும் பெரிது. இந்நிலை ஏன் உண்டாகிறது?

தோட்டத்துக் கப்பிப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் லொறி ஒரு சிறு கல்லில் ஏறித் துள்ளுகிறது. துள்ளி விழுந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அடுத்த லொறி அப்பள்ளத்தில் இறங்கித் துள்ளி அதனை ஆழமாக்கி, அப்பால் இன்னொன்றையும் தோண்டுகிறது. சில நாட்களில் பாதை முழுவதும் வரிவரியாகிவிடும். கட்டரின் கதையும் இதுவே. ஒரு பல் சற்றே நடுங்கினால் வெட்டிய முகத்தில் அலை பதிகிறது. பின்வரும் பல் அவ்வலையின்மீது வெட்டுவதால் சீவல் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிவாகவும் ஆகி, விசை ஏறியிறங்கி, நடுக்கத்தை மேலும் வளர்க்கிறது. குற்றவாளி வெளியிலிருந்து வருவதில்லை. வெட்டே தன் நடுக்கத்துக்குத் தீனி போட்டுக்கொள்கிறது.

அமெரிக்கப் பொறியியலறிஞர் எவ். டபிள்யூ. டெய்லர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலோக வெட்டுப்பற்றி எழுதியபொழுது, இச்சிக்கலை மிக நுட்பமானதென்று கருதிக் கைவிரித்தார். 1950-களில்தான் செக்கோசிலவாக்கியாவில் துலுஸ்தியும், இங்கிலாந்தில் தோபியாசும் இதன் கணக்கை வகுத்தளித்தனர். செக்கோசிலவாக்கியாவின் உதவியுடனேயே 1962-இல் பெங்களூரில் மத்திய இயந்திரக் கருவி நிறுவனம் அமைந்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இனிப் பரிகாரங்களைப் பார்ப்போம். யாவற்றிலும் எளியதும் செலவற்றதும் கட்டரைக் குட்டையாகப் பிடிப்பதே. பிடியிலிருந்து வெளியே நீளும் பகுதி இருமடங்கானால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். 100 மில்லிமீற்றர் நீட்டியிருந்ததை 80 ஆகக் குறைத்தாலோ வளைவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். தடிப்பின் பயன் இன்னும் மிகுதி: தண்டின் விட்டத்தை இரட்டித்தால் வளைவு பதினாறில் ஒரு பங்காகும். இத்துடன் வேலைப்பொருளைப் பற்றும் வைஸ் இறுக்கமாக உள்ளதா, மேசையின் சறுக்குப்பாதை தேய்ந்து தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆழ வெட்டையும் குறைக்கலாம். ஆனால் வேலை நேரம் நீளும்.

வேகத்தின் செய்தி விந்தையானது. அலறல் கேட்டவுடன் வேகத்தைக் குறைப்பதே பட்டறை வழக்கம். பழைய இயந்திரங்களுக்கு அது தக்கதே. மெதுவாகச் சுழலும்பொழுது பல்லின் அடிப்புறம் அலைகளின்மீது உராய்ந்து அவற்றை அடக்கிவிடும். வேகமிகு இயந்திரத்திலோ சில சமயம் வேகத்தை உயர்த்துவதே மருந்தாகும். நடுக்கம் விநாடிக்கு 600 முறை என்றும், கட்டருக்கு நான்கு பற்கள் என்றும் கொள்வோம். 9,000 சுற்றில் ஒவ்வொரு பல்லும் முன் பல் விட்ட அலையின் போக்கோடு ஒத்துச் செல்லும். மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்துவதால் சீவலின் தடிப்பு மாறாது. 4,500 சுற்றிலும் இப்பொருத்தம் ஓரளவு கிட்டும். பற்களைச் சமதூரத்தில் வையாமல் ஏற்றத்தாழ்வாக அமைத்த கட்டர்களும் உண்டு. அவற்றில் அலைகள் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்க வாய்ப்பின்றிக் கலைந்துபோகும். இந்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

இயந்திரத்தின் உடலும் துணைசெய்கிறது. வெண்கல மணியைத் தட்டினால் நெடுநேரம் ரீங்கரிக்கும். வார்ப்பிரும்பைத் தட்டினால் ‘தொப்’பென்று அடங்கும். அதனுள்ளே படர்ந்துள்ள கரித்தகடுகள் அதிர்வை விழுங்கிவிடுகின்றன. வேறொரு வழி, ஆடும் உறுப்பின்மேல் அளந்தமைத்த சிறு எடையொன்றை ஆடவிட்டு, அதன் ஆட்டத்தால் பெரிய ஆட்டத்தை அடக்குவது. ஜேர்மானியரான பிராம் 1909-இல் கண்ட வழி அது. உயரழுத்த மின்கம்பிகளில் தண்டாக்கட்டைபோல் தொங்கும் சிறு எடைகளும் கம்பியின் நடுக்கத்தைத் தணிப்பவையே.

1964-இல் பேராதனைக்கு வந்த பொறியியற் பீடம் போன்ற இடங்களில் கற்பவர்களுக்கு இக்கணக்குகள் பாடமாகும். சிறு பட்டறையாளருக்கோ இன்று கைத்தொலைபேசியே ஓரளவு கருவியாகிறது. அலறலின் சுருதியை அளந்து காட்டும் செயலிகள் அதில் உண்டு. அளந்த எண் பற்தட்டின் எண்ணிக்கையோடு சரியாக வகுபடுமாயின், அது தட்டினால் எழும் சாதாரண அதிர்வாயிருக்கும். தேய்ந்த பல்லையோ கோணிய கட்டரையோ தேட வேண்டும். முன் சொன்ன கட்டருக்கு 80, 160, 240 என்பன அவ்வகை. 590 என்று ஏதேனும் ஒவ்வாத எண் வந்தால், வெட்டு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. அப்பொழுது கட்டரைக் குட்டையாக்கி, வேகத்தை மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.