சிக்லிட் மீன் தொட்டியில் நீர்ச்செடிகள் வளர்ப்பு

சென்னையில் கொளத்தூர் பகுதி வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. பிற மாவட்டங்களிலும் கிணற்றடியில் சிமெண்ட் தொட்டி கட்டி, வண்ணமீன் வளர்ப்பை உபதொழிலாகச் செய்யும் சிறு விவசாயிகள் உள்ளனர். நல்ல விலை போகும் ஏஞ்சல், ஆஸ்கார், டிஸ்கஸ் ஆகியவை சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று ஏரி குளங்களில் பரவியுள்ள ஜிலேபி கெண்டையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இம்மீன்கள் உள்ள தொட்டியில் உயிர்ச்செடிகள் இருப்பது மிகவும் நல்லது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைச் செடிகள் உணவாக எடுத்துக்கொள்கின்றன. மிரண்ட மீன்களுக்கும் குஞ்சுகளுக்கும் மறைவிடம் கிடைக்கிறது. ஆனால் மாலையில் நட்ட செடி மறுநாள் காலையில் வேரோடு மிதப்பதைக் கண்டு, சிக்லிட் தொட்டிக்குச் செடி ஒத்துவராது என்று கைவிடுவோர் பலர். மீனின் குணமறிந்து செடியைத் தேர்ந்தெடுத்தால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

செடியைப் பிடுங்குவது ஏன்?

குளம் வற்றும் காலத்தில் அடிமண்ணில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரிவதை விவசாயிகள் பார்த்திருக்கலாம். ஆண் ஜிலேபி கெண்டை இனப்பெருக்கத்திற்காகத் தோண்டிய குழிகள் அவை. சிக்லிட் இனங்கள் பலவற்றுக்கு இந்தப் பழக்கம் உண்டு. முட்டையிடும் பருவத்தில் மணலை வாயால் அள்ளி இடத்தைச் சுத்தம் செய்யும்போது குறுக்கே நிற்கும் செடியையும் அகற்றிவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி இனங்களில் சில, பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்பவை. அவை மென்மையான இலைகளையும் விட்டுவைப்பதில்லை.

மீனுக்கேற்ற செடி

ஏஞ்சல் மீன் செடிகளுக்கு அதிகச் சேதம் செய்வதில்லை. அதன் தொட்டியில் அகன்ற இலையுடைய அமேசான் வாள் செடியை நடலாம். அந்த இலைமீதே ஏஞ்சல் மீன் முட்டையிடும். 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பநீரில் வளரும் டிஸ்கஸ் தொட்டிக்கும் இச்செடி ஏற்றது.

ஆஸ்கார், மலாவி மீன்கள் உள்ள தொட்டியில் மணலில் நடும் செடிகளைவிட, கல்லைப் பற்றி வளரும் அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகியவையே சிறந்தவை. இவற்றின் இலைகள் தடித்தவை. மீன்கள் பெரும்பாலும் விரும்பித் தின்பதில்லை.

கிணற்று நீர் கடினத்தன்மை உள்ளதாக இருப்பின், நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்னேரியா செழித்து வளரும். வல்லாரையைப் போல் ஓடுதண்டு விட்டுப் பெருகுவதால், கன்றுகளைப் பிரித்து விற்கவும் செய்யலாம்.

நடும் முறை

அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டிலும் மஞ்சள் கிழங்கு போலக் கிடையாகப் படரும் தண்டு உண்டு. அதை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ வைத்து, பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். சில வாரங்களில் வேர் தானே பற்றிக்கொள்ளும்.

வேரூன்றும் செடிகளைச் சிறு மண்சட்டியில் மணலிட்டு நட்டு, மேலே கூழாங்கற்களைப் பரப்பித் தொட்டியில் இறக்கலாம். மீனால் எளிதில் தோண்ட முடியாது. பெரிய கற்களை மணல்மீது வைக்கக்கூடாது. அவற்றைத் தொட்டியின் அடியில் நேராக அமர்த்திய பின்னரே மணல் இடவேண்டும். இல்லாவிடில் மீன் அடியில் தோண்டும்போது கல் சரிந்து கண்ணாடி உடையும்.

கிரிப்டோகோரைன் செடி இடம் மாற்றியவுடன் இலைகள் கரைந்து உதிரும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிய வேண்டாம். வேர் நன்றாக இருந்தால் மீண்டும் துளிர்க்கும்.

வயல் உரம் கூடாது

செடி வெளுத்தால் ஒரு பிடி உரம் இடுவது விவசாயிகளின் வழக்கம். மீன் தொட்டியில் இது பெருங்கேடாகும். யூரியா, டி.ஏ.பி. ஆகியவற்றால் நீரில் அம்மோனியா பெருகும். நீரின் கார அமில நிலை 7-ஆக இருக்கும்போது அதில் நஞ்சாக மாறும் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவே. கார அமில நிலை 9-ஐ எட்டினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும். செடியைக் காப்பாற்ற இட்ட உரம் மீன்களை ஒரே இரவில் கொன்றுவிடக்கூடும். நத்தையையும் பாசியையும் ஒழிக்க மயில்துத்தம் இடுவதும் மீனுக்கும் செடிக்கும் ஆபத்தானது.

பற்றாக்குறையை இலையே காட்டிவிடும். முதிர்ந்த இலைகள் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலைகளில் ஊசித்துளைகள் விழுந்தால் சாம்பல்சத்துக் குறைவு. சுண்ணாம்பு நிலத்து நிலக்கடலையைப் போல, நரம்புகள் பச்சையாக இருந்து இளந்தளிர் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. காரத்தன்மை மிகுந்த நீரில் இது அதிகம் காணப்படும். மீன் தொட்டிக்கென்றே விற்கும் செலேட் இரும்பைக் குறிப்பிட்ட அளவில் மட்டும் இடவேண்டும்.

ஒளியும் நீரும்

நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் விளக்கொளி போதும். அதிகமானால் பாசி படர்ந்து செடியை மூடிவிடும். வாரம் ஒரு முறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றவேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரானால் ஒரு நாள் திறந்து வைத்திருந்து, பின்னரே ஊற்றவேண்டும்.

வாங்கிய செடியை உடனே தொட்டியில் விடாமல், இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்திருந்து நத்தை, நோய் உள்ளனவா என்று பார்த்தல் நலம்.

கழித்த செடிகளை வாய்க்காலிலோ குளத்திலோ எறியக்கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை அடைத்துக்கொண்டதை விவசாயிகள் அறிவர். அவற்றை உலர்த்தி எருக்குழியில் இடுவதே நல்லது.

முதலில் ஒரே தொட்டியில், கல்லில் கட்டிய நான்கைந்து அனுபியாஸ் செடிகளுடன் தொடங்கலாம். அவை நிலைத்த பிறகு மற்ற தொட்டிகளுக்கு விரிவுபடுத்தினால் கைப்பணம் வீணாகாது. மீனும் செடியும் சேர்ந்து பலன் தரும்.