விடைக்குறிப்பு இல்லாத வகுப்பறை

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22இல் நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் அது 47. இங்கே கல்லூரிக்கு வருபவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும் ஆண்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்து, மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரிக்குள் நுழைய வழி செய்துவிட்டோம். நுழைந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் எப்படிப் போகிறது என்று மட்டும் நாம் அதிகம் கேட்பதில்லை. பிளஸ் டூவில் 600க்கு 550 வாங்கிய பிள்ளை முதல் செமஸ்டரில் அரியர் வைத்தால், செல்போன் கெடுத்துவிட்டது என்கிறோம், இங்கிலீஷ் வரவில்லை என்கிறோம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும்போது பாடம் கடினமாவதோடு, 'தெரிந்துகொள்வது' என்பதன் பொருளே மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

பிளஸ் டூ வரை படிப்பின் எல்லை பாடநூல். ஒரு கேள்விக்கு ஒரு விடை. அந்த விடைக்கு விடைக்குறிப்பில் இத்தனை மதிப்பெண் என்று வரையறுத்திருக்கும். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையும் ஒரு மதிப்பெண் வினாக்களையும் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அந்த உழைப்பு பலன் தந்தது. கல்லூரியிலோ ஒரே பொருளைப் பற்றி மூன்று நூல்கள் மூன்று விதமாகச் சொல்லும். ஆசிரியர் ஒரு கருத்தை விளக்கிவிட்டு, இதை மறுப்பவர்களும் உண்டு என்பார். முன்பு இந்தத் தாவலுக்கு இடையில் ஒரு படி இருந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வரும்வரை, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரி வளாகத்திலேயே ஓராண்டு புகுமுக வகுப்பு படித்தார்கள். பட்டப்படிப்பு தொடங்குமுன் நூலகமும் விரிவுரையும் அவர்களுக்குப் பழகிப்போயின. மேல்நிலைக் கல்வி கிராமத்துப் பிள்ளைகளுக்கு அருகிலேயே வந்தது பெரிய நன்மை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழகும் காலம் போனது போனதுதான்.

இந்தத் தடுமாற்றத்தை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பெர்ரி. ஹார்வர்டு மாணவர்களிடம் ஆண்டுதோறும் நீண்ட நேர்காணல் நடத்தி, 1970இல் தம் முடிவுகளை நூலாக்கினார். மாணவர்கள் தொடக்கத்தில் உலகத்தைச் சரி, தவறு என்று இரண்டாகவே பார்க்கிறார்கள். சரியான விடை ஆசிரியரிடம் இருப்பதாக நம்புகிறார்கள். அறிஞர்களே முரண்படுவதைக் கண்டதும் குழம்பி, 'அப்படியானால் எல்லாக் கருத்தும் ஒன்றுதான்' என்ற முடிவுக்கு வருகிறார்கள். அதையும் தாண்டுகிறவர்கள் சான்றுகளை எடைபோட்டு, தமக்கென ஒரு நிலைப்பாட்டைப் பொறுப்போடு ஏற்கிறார்கள். ஆகவே முதலாண்டின் குழப்பம் வளர்ச்சியின் ஒரு கட்டம். அதை அறிவுக்குறை என்று எண்ணி மனம் ஒடிய வேண்டியதில்லை. ஹார்வர்டின் வசதியான ஆண்களை வைத்து நம் பிள்ளைகளை அளக்கலாமா என்று கேட்பது நியாயம்தான். மேரி பெலென்கியும் மூன்று சக ஆய்வாளர்களும் பல பின்னணிகளைச் சேர்ந்த பெண்களிடம் பேசி 1986இல் வெளியிட்ட நூலில், சிலரது தொடக்கம் மௌனமாக இருந்ததைக் காட்டினார்கள். தம் சொல்லுக்கு மதிப்புண்டு என்ற நம்பிக்கையே அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது. தமிழ்வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளைக்கும் அதுவே முதல் தேவை.

அந்த நம்பிக்கையை ஊட்டப் பெரும் செலவு ஆகாது. அமெரிக்க உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 'இது நமக்கான இடமில்லை' என்ற கவலை முதலாண்டில் எல்லோருக்கும் வருவதே, நாளடைவில் நீங்கும் என்பதைச் சீனியர்களின் வார்த்தையிலேயே புதியவர்கள் படித்தார்கள். சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி, அவ்வளவுதான். அடுத்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. சீனியரின் ஒரு சொல்லுக்கு இவ்வளவு வலிமை இருக்கிறது. அதே உறவு வதையாகவும் மாறும் என்பதால்தான் தமிழ்நாடு 1997இல் ராகிங்குக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. சட்டம் கொடுமையைத் தடுக்கும். அரவணைப்பைக் கல்லூரிதான் உருவாக்க வேண்டும்.

புதிய பார்வைகள் பாடத்தைவிட அதிகமாகப் பக்கத்து இருக்கையிலிருந்தே வருகின்றன. வேறு மாவட்டம், வேறு சாதி, வேறு மதம், வேறு வசதி உள்ளவரோடு ஒரே ஆய்வகத்தில் வேலை செய்யவும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடவும் கல்லூரி வாய்ப்புத் தருகிறது. ஆனால் ஊர்க்காரர், சொந்தச் சாதிக்காரர் என்று முதல் வாரத்திலேயே குழுக்கள் இறுகிவிட்டால் அந்த வாய்ப்பு வீணாகும். தெரிந்த முகம் தரும் துணையை யாரும் விட வேண்டாம். அதற்குள் அடைபட வேண்டாம் என்பதே நான் கேட்பது.

'படிப்பு வேலைக்குத்தானே, கருத்து மாறினால் சோறு கிடைக்குமா?' என்ற கேள்வி கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்தில் எழத்தான் செய்யும். வேலையிலும் விடைக்குறிப்பு கிடையாது. வளாக நேர்காணலின் குழு விவாதத்தில் பார்ப்பது, அடுத்தவர் சொல்வதைக் கேட்டு, எடைபோட்டு, பதில் சொல்லத் தெரிகிறதா என்பதைத்தான். இன்னொரு அச்சம், பிள்ளை கைமீறிப் போய்விடுமோ என்பது. பெண்பிள்ளை என்றால் அது இரட்டிப்பாகிறது. மாறுவதெல்லாம் நல்லதற்கே என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வியே கேட்கப்படாத நம்பிக்கை முதல் கேலியிலேயே சாய்ந்துவிடும். ஆராய்ந்து பார்த்துத் தக்கவைத்துக்கொண்ட விழுமியம் எந்த ஊரிலும் நிற்கும்.

எனவே கல்லூரிகள் முதல் வாரங்களை வரவேற்பு விழாவோடும் விதிமுறை வாசிப்போடும் முடித்துவிடக் கூடாது. ஒரு பாடநூலைத் தாண்டி எப்படிப் படிப்பது, மாற்றுக்கருத்தை எப்படி எதிர்கொள்வது என்று கற்பிக்க அந்த நாட்களைப் பயன்படுத்த வேண்டும். பெற்றோர் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை எடைபோட வேண்டாம். முதலாண்டு மாணவர்களே, புரியாததைப் புரியவில்லை என்று வகுப்பில் கை தூக்கிச் சொல்லுங்கள். உங்களோடு உடன்படாத ஒருவரிடமாவது நட்பு வையுங்கள். பட்டம் மூன்று, நான்கு ஆண்டுகளில் கைக்கு வந்துவிடும். தானாகச் சிந்திக்கும் பழக்கத்தை நீங்கள்தான் முயன்று பெற வேண்டும்.