கையில் இரண்டு வெற்றிடங்கள்

1899இல் ஓவிய வணிகர் அம்புருவாஸ் வொல்லாரை எதிரே உட்காரவைத்து வரைந்தார் பால் செஸான். வொல்லார் கொஞ்சம் அசைந்தாலும், ஆப்பிள் அசையுமா என்று அதட்டு விழும். 115 தடவை உட்கார்ந்தபின், சட்டையின் முன்பக்கம் பரவாயில்லை என்று சொல்லிச் செஸான் தூரிகையை வைத்துவிட்டார். கையில் இரண்டு சிறிய இடங்களில் வண்ணமே படவில்லை. வொல்லார் அதைச் சுட்டிக்காட்டினார். அங்கே ஏதோ ஒரு நிறத்தை வைத்தால், அந்த இடத்திலிருந்து படம் முழுவதையும் திரும்ப வரைய நேரும் என்று பதில் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

மிகையாகத் தோன்றும் இந்த அச்சம் கண்ணின் இயல்பை அறிந்தவருடையது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நூல்களின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. 1839இல் இதை விரிவான நூலாக வெளியிட்டார். விழித்திரையில் ஓரிடத்தில் விழும் ஒளி, அருகிலுள்ள செல்களின் தூண்டலைத் தணிக்கிறது. மூளையும் நிறத்தைச் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டே கணிக்கிறது. ஆகவே ஒரு தீற்றல் விழுந்ததும் அக்கம்பக்கம் எல்லாமே வேறாகத் தெரியும். ஓவியர் காத்திருப்பது இடங்கள் நிரம்புவதற்காக அல்ல, இந்த இழுபறி அடங்குவதற்காக என்றே நான் கருதுகிறேன்.

அதைச் சோதித்துப் பார்க்க ஓவியர் மத்தீஸுக்கு நல்ல வழி கிடைத்தது. 1935இல் 'இளஞ்சிவப்பு நிர்வாணம்' படத்தை வரைகையில், வண்ணக் காகிதங்களை வெட்டித் திரையில் ஊசியால் குத்தி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்; ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுக்க வைத்தார். அவற்றில் 22 படங்கள் பால்டிமோரில் இருந்த ஓவியச் சேகரிப்பாளர் எட்டா கோனுக்குப் போயின. முதலில் இயல்பாகப் படுத்திருக்கும் பெண், போகப்போகக் கைகால் நீண்டு திரையின் விளிம்புவரை பரவுகிறாள். பின்னணி நீலக் கட்டங்களாகத் தட்டையாகிறது.

அடங்கிய படமும் மறுபடி கலையலாம். 1832இல் லண்டன் ராயல் அகாடமியில் டர்னரின் சாம்பல்நிறக் கடல் ஓவியத்துக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிளின் படம் மாட்டப்பட்டிருந்தது. கண்காட்சி திறக்குமுன் கான்ஸ்டபிள் அதில் செந்நிறத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அதைப் பார்த்த டர்னர் தன் கடலில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார். பிறகு வந்து, அந்தப் பொட்டையே நீரில் மிதக்கும் மிதவையாக மாற்றினார்.