குழாயடியில் ஒரு ராவ் பகதூர்

ராவ் பகதூர் என்ற பட்டத்தைக் கேட்டாலே முகம் சுளிப்பது ஒரு காலத்தில் தேசபக்தக் குடும்பங்களின் வழக்கமாயிருந்தது. சுளித்ததில் தவறும் இல்லை. 1920-ஆம் வருஷத்தில் ஒத்துழையாமைப் போர் தொடங்கியபோது காந்தி மகான் தேசத்தாரிடம் கேட்ட முதல் தியாகங்களில் ஒன்று, சர்க்கார் அளித்த பட்டங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது. அப்படியிருக்க, இன்றளவும் ராவ் பகதூர் பட்டத்துடனேயே வழங்கும் ஒரு மனிதரைப் பற்றி, அதுவும் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் தூத்துக்குடியில், நல்ல வார்த்தை சொல்வதென்றால் பேனா சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.

அந்த மனிதர் குரூஸ் பர்னாந்து. முத்துக் குளிப்பிலும் கடல் தொழிலிலும் பேர் பெற்ற பரதவர் குலத்தில் 1869-இல் பிறந்தவர். அவர் காலத்தில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது: சர்க்கார் கட்சி, சுதேசிக் கட்சி. பட்டம் பெற்றவர்களை எந்தக் கட்சியில் சேர்த்து ஜனங்கள் எண்ணினார்கள் என்பதை நேயர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வருஷங்களைச் சற்று அடுக்கிப் பாருங்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஏற்பட்டது. 1908 மார்ச்சில் பிள்ளையவர்களைக் கைது செய்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். அவர் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். எந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டாரோ, அந்தக் கம்பெனிக்கே அவருடைய கப்பல் ஒன்று விலையாயிற்று. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. இவ்வளவுக்கும் இடையில், 1909-இல், குரூஸ் பர்னாந்து நகரசபைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். 1927 வரையுள்ள காலத்தில் ஐந்து முறை அவர் தலைவராக இருந்திருக்கிறார்!

நெஞ்சு கசக்கிறதல்லவா? ஊருக்காகச் சொத்தையும் சுகத்தையும் இழந்தவர் கடனாளியாகிறார், இன்னொருவர் தலைவராகிறார். நகரசபைக்கு ஓட்டுப் போடும் பாத்தியதை வரி கட்டுவோரில் ஒரு சிலருக்கே அந்நாளில் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஊர் முழுவதும் ஒன்றுகூடி அவருக்கு மகுடம் சூட்டிவிடவில்லை.

ஆனால் தூத்துக்குடியில் தண்ணீர் என்ன பாடுபடுத்தியது என்பதை அறிந்தவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக் கொள்ளமாட்டார்கள். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் உப்பளம். வருஷத்துக்குச் சராசரி இருபத்தைந்து அங்குல மழை. அதிலும் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே பெய்து தீர்ந்துவிடும். கிணறு தோண்டினால் உவர் நீர். தாமிரபரணியோ ஊரை எட்டிக்கூடப் பாராமல் தெற்கே புன்னைக்காயலில் கடலில் கலந்து விடுகிறது. கடம்பூரிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்த காலமும் உண்டு. கொழும்புக்குக் கப்பல் போகும் துறைமுகம், நூல் ஆலை, பஞ்சு வியாபாரம், உலகமெல்லாம் புகழும் முத்து — இத்தனையும் உள்ள ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை! கடற்கரைக் கூட்டங்களில் பேசிய தலைவர்களுக்கு ஒரு வேளைத் தாகம். வீட்டில் பானையைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு நாள்தோறும் தாகம்.

ஊருக்கு மேற்கே வல்லநாடு இருக்கிறது. தாமிரபரணி அதை ஒட்டி ஓடுகிறது. அங்கே நீரை எடுத்துக் குழாய் வழியே தூத்துக்குடிக்குக் கொண்டுவருவது என்ற திட்டத்தைக் குரூஸ் பர்னாந்து விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டார். சொல்வதற்கு ஒரு வாக்கியம், செய்வதற்கோ வருஷங்கள். ஒரு நகரசபையின் கையிருப்பில் அடங்கக்கூடிய காரியமா இது? பணத்துக்கும் உத்தரவுக்கும் சர்க்காரின் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த வாசலில் சுதேசிக்காரர் நிற்கமாட்டார். நின்றாலும் கதவு திறக்காது. அவர் முதன்முதல் தலைவரான பதினெட்டாம் வருஷம், 1927-இல், வல்லநாட்டுத் தண்ணீர் ஊருக்கு வந்து சேர்ந்தது. தாமதந்தான், ஆனாலும் வந்துவிட்டது.

பட்டக்காரர் செய்தார் என்பதற்காகத் தண்ணீர்க் குழாயைச் சில்லறை வேலை என்று ஒதுக்குவோமானால், நம்மவர் பலரையும் ஒதுக்க வேண்டி வரும். 1917-இல் ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவரானார். காங்கிரஸில் சேருமுன் ஈரோட்டு நகரசபைத் தலைவராக இருந்து குடிதண்ணீருக்கு வழி செய்தவர் ஈ. வெ. ராமசாமி நாயக்கர். வல்லபாய் படேல் 1924-இல் ஆமதாபாத் நகரசபையின் தலைவராகிச் சாக்கடையையும் தண்ணீரையும் கட்டிக்கொண்டு அழுதார். அவ்வளவு தூரம் ஏன்? ஏகாதிபத்தியத்தின் கொடியை உயர்த்திப் பிடித்த ஜோஸப் சேம்பர்லேன் இருக்கிறாரே, அவர் 1873 முதல் மூன்று வருஷம் பர்மிங்ஹாம் மேயராயிருந்தபோதுதான் தண்ணீர்க் கம்பெனியைத் தனியாரிடமிருந்து வாங்கி நகரத்துக்குச் சொந்தமாக்கினார். அவருடைய ராஜ்யக் கொள்கையை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. பர்மிங்ஹாம்வாசி ஒருவர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவரைத் திட்டினால் அதையும் ஒப்புக்கொள்வதற்கில்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ராஜாஜியும் நாயக்கரும் தேசம் அழைத்தபோது நகரசபை நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. குரூஸ் பர்னாந்து இருந்தார். அவரை அந்த வரிசையில் நிறுத்த நம் மனம் இசையாது. ஆனால் குழாயடியில் குடம் ஏந்தி நின்ற தாய்மாரிடம் போய், இந்தத் தண்ணீர் எந்தக் கட்சித் தண்ணீர் என்று கேட்டிருந்தால், குடத்தை நம் தலையில் கவிழ்த்திருப்பார்கள்.

1930 ஜனவரி முதல் தேதி அவர் காலமானார். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. இன்று ஊர் நடுவே அவருக்குச் சிலை இருக்கிறது. துறைமுகத்துக்குச் சிதம்பரனார் பெயர் இருக்கிறது.

பிள்ளையவர்கள் தம் கடைசி வருஷங்களைத் தூத்துக்குடியிலேயே கழித்து, 1936 நவம்பர் 18-ஆம் தேதி அங்கேயே கண் மூடினார். அப்போது அந்த ஊரில் வல்லநாட்டுத் தண்ணீர் ஓடத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.