எட்டாம் எண் படுக்கை

சேர்க்கைப் பிரிவில் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் நோயாளிக்கு ஒரு படுக்கை எண் தரப்படுகிறது. அது எட்டாக இருந்துவிட்டால், உடன் வந்தவர்களுள் ஒருவர் சற்றுத் தயங்கி நின்று, செவிலியரின் அருகில் வந்து, "வேறு படுக்கை கிடைக்குமா, சிஸ்டர்?" என்று தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. காரணத்தை அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. கூட்டினால் எட்டு வரும் 17, 26 ஆகிய எண்களுக்கும் இதே தயக்கம் எழுவதைக் கண்டிருக்கிறோம்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல நாடுகளில் நோயுற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும் ஏதேனும் ஓர் எண்ணைக் கண்டு ஒதுங்குகின்றனர். ஆனால் அந்த எண் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

ஜப்பானிய மருத்துவமனைகள் பலவற்றில் நான்காம் எண் அறையும் ஒன்பதாம் எண் அறையும் இருப்பதில்லை. மூன்றை அடுத்து ஐந்து வரும். எட்டை அடுத்துப் பத்து வரும். ஜப்பானிய மொழியில் நான்கைக் குறிக்கும் 'ஷி' என்னும் சொல்லே சாவையும் குறிக்கும். ஒன்பதைக் குறிக்கும் 'கு' துன்பத்தையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்த 49 எவ்வாறு ஒலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மகப்பேற்றுப் பிரிவில் 43ஆம் எண்ணையும் தவிர்ப்பர். அதன் ஒலி, குழந்தை உயிரின்றிப் பிறத்தலைக் குறிக்கும் சொல்லை ஒத்திருக்கிறது. இந்த எண்ணுப்பெயர்கள் சீனத்திலிருந்து ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் சென்றவை. அவற்றுடன் அச்சமும் சென்றது போலும். சீன மொழியில் நான்குக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே. கொரிய நாட்டு மின்தூக்கிகள் சிலவற்றில் நான்காம் மாடிக்குரிய பொத்தானில் எண்ணுக்குப் பதிலாக 'எஃப்' என்னும் ஆங்கில எழுத்தைப் பொறித்திருப்பர்.

நோயாளியைக் காணச் செல்லும் ஜப்பானியர் மலர்க்கொத்து எடுத்துச் செல்வர். தொட்டியில் வளரும் செடியைத் தரமாட்டார்கள். செடி வேரூன்றுதலைக் குறிக்கும் சொல், நோயில் படுத்துக்கிடத்தலைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிப்பதே காரணம்.

இதைக் கேட்டு நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. விடைபெறும்போது "போகிறேன்" என்று சொல்லாமல் "போய் வருகிறேன்" என்கிறோம். விளக்கை அணைக்கச் சொல்லாமல் அமர்த்தச் சொல்கிறோம். இறந்தாரைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும் கூறுவதை மங்கலம் என்று பெயரிட்டே நம் இலக்கண நூல்கள் வகுத்துள்ளன. நெல் அளப்போர் முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணாமல் "லாபம்" என்று தொடங்கும் வழக்கத்தையும் மூத்தோர் அறிவர். சொல்லுக்கு அஞ்சுவதும், நல்ல சொல்லை நாடுவதும் மனித இயல்பு. ஜப்பானியர் அஞ்சுவதும் நான்கு என்னும் அளவுக்கன்று. அதைச் சொல்லும் ஒலிக்கு.

இத்தாலியர் 17ஐ ஒதுக்குவதற்கு ஒலியன்று, எழுத்தே காரணம் என்பர். ரோமானிய முறையில் எழுதப்படும் 17இன் எழுத்துகளை இடம் மாற்றினால், "வாழ்ந்து முடித்தேன்" என்று பொருள்படும் இலத்தீன் சொல் கிடைக்கிறது. பிற ஐரோப்பியர் பலருக்கும் அமெரிக்கருக்கும் ஆகாத எண் 13. இயேசுவின் இறுதி இரவுணவில் பதின்மூவர் அமர்ந்திருந்தனர் என்பதையே பெரும்பாலும் காரணமாகச் சொல்வர். நம் சிவன் கோயில்களிலோ பிரதோஷ வழிபாட்டுக்குக் கூட்டம் நெரிவது பதின்மூன்றாம் திதியாகிய திரயோதசி மாலையில்தான்.

இனி, நம் எட்டுக்கு வருவோம். எண் கணிதம் பார்ப்போர் எட்டைச் சனிக்கு உரியதாகச் சொல்வர். சோதிடத்தில் எட்டாம் இடம் ஆயுளைக் குறிக்கும் இடம். அஷ்டமியன்று எதையும் தொடங்கமாட்டோம், நவமியும் அவ்வாறே. கண்ணன் பிறந்தது அஷ்டமி, இராமன் பிறந்தது நவமி என்பதை மட்டும் பண்டிகை நாளில் மகிழ்ந்து நினைவுகூர்வோம். சீனருக்கோ எட்டைப் போல் உகந்த எண் வேறில்லை. செல்வம் பெருகுதலைக் குறிக்கும் சொல்லை அதன் ஒலி ஒத்திருக்கிறது. எட்டுகள் நிறைந்த வாகன எண்ணுக்கும் தொலைபேசி எண்ணுக்கும் பெருந்தொகை கொடுப்பர். பெய்ஜிங் ஒலிம்பிக் விளையாட்டுகளின் தொடக்க விழா 2008ஆம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் நாள் இரவு 8 மணிக்குத் தொடங்கியது. நம் வீட்டார் மாற்றித் தரக் கேட்கும் படுக்கையைச் சீனக் குடும்பம் ஒன்று விரும்பிக் கேட்டுப் பெறக்கூடும்.

எண்ணுக்கு ஆற்றல் உண்டோ இல்லையோ, அச்சத்துக்கு உண்டு. அச்சம் நாடித்துடிப்பை விரைவுபடுத்தும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். வீட்டில் சீராக இருக்கும் இரத்த அழுத்தம் மருத்துவரைக் கண்டதும் உயர்ந்துவிடுவதைப் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் காண்கிறோம். எண்ணைப் பற்றிய அச்சம் இதயத்தையும் தாக்குமா என்று அறிய, அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பிலிப்ஸும் அவருடைய குழுவினரும் 1973 முதல் 1998 வரையிலான அந்நாட்டு இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தனர். சீன, ஜப்பானிய வழிவந்தோரிடையே இதயநோயால் நேர்ந்த இறப்புகள் மாதத்தின் நான்காம் நாளில் மிகுந்திருந்தன என்றும், வெள்ளையரிடையே அவ்வாறு இல்லை என்றும் 2001இல் அறிவித்தனர். செய்தி உலகெங்கும் பரவியது. ஆயினும், அந்த ஆய்வின் முறையைக் குறைகூறிப் பிறர் எழுதினர். சீனரே பெரும்பான்மையாக வாழும் ஹாங்காங்கின் பதிவுகளை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த கட்டுரையில் அத்தகைய மிகுதி காணப்படவில்லை. ஆகவே முதல் செய்தியை மட்டும் படித்துவிட்டு எவரும் நாள்காட்டியைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்களும் வெள்ளிக்கிழமையோடு கூடிய பதின்மூன்றாம் தேதியில் அறுவை சிகிச்சையின்போது இரத்த இழப்பு மிகுகிறதா என்று பார்த்தனர். மிகவில்லை என்பதே 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிவு.

எங்களை மிகுதியும் சிந்திக்க வைப்பது வேறோர் ஆய்வு. அது கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது, 1998இல் வெளிவந்தது. ஜப்பானிய நாள்காட்டியில் ஆறு நாள் கொண்ட ஒரு சுழற்சி உண்டு. அதில் 'தாய்ஆன்' மிக நல்ல நாள். 'புட்சுமெட்சு' மிகத் தீய நாள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியோரின் எண்ணிக்கை தாய்ஆன் நாளில் மிகுந்தும் புட்சுமெட்சு நாளில் மிகக் குறைந்தும் இருந்தது. நல்ல நாளில் திரும்பியோர் சற்றுக் கூடுதலான நாள்கள் தங்கியும் இருந்தனர். குணமடைந்த பின்னும் நல்ல நாளுக்காகச் சிலர் காத்திருந்தனர் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இதைப் படித்தபோது நம் வார்டுகளே எங்கள் நினைவுக்கு வந்தன. வெள்ளிக்கிழமை மாலை வீடு செல்லலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். அன்று போக இயலவில்லை. மறுநாள் சனிக்கிழமை ஆகாது. ஞாயிறு அஷ்டமி, திங்கள் நவமி. செவ்வாயன்று போகக் கூடாது என்கிறார் பாட்டி. ஐந்து நாள்களுக்கான அறை வாடகை அந்தக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. மருத்துவமனையில் தொற்று ஏற்படும் வாய்ப்பும் நீடிக்கிறது. அதே நேரத்தில் அவசரப் பிரிவில் வேறொருவர் படுக்கைக்காகக் காத்துக் கிடக்கிறார். பாட்டியின் சொல்லை நாங்கள் எள்ளுவதில்லை. இந்தக் கணக்கை அவரிடம் எடுத்துச் சொன்னால், பெரும்பாலும் அவரே பேரனை அழைத்து ஆட்டோ கொண்டுவரச் சொல்கிறார்.

பக்கவாதத்தில் இத்தகைய பேச்சுக்கும் இடமில்லை. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயை உறைகட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அந்த நேரத்துக்குள்ளும் எத்துணை விரைவில் செலுத்துகிறோமோ அத்துணை நன்று. இராகு காலம் என்பது ஒன்றரை மணி நேரம். அது கழியட்டும் என்று வாசலில் நின்றால், கையில் இருந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பின்னர் பயணம், ஸ்கேன், இரத்தச் சோதனை எல்லாம் எஞ்சிய நேரத்துக்குள் முடிய வேண்டும். மூவராகப் புறப்படலாகாது என்று நான்காமவரைத் தேடி அடுத்த தெருவுக்கு ஆள் அனுப்புவதும் இதே வகையைச் சேர்ந்தது. வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ 108க்கு அழைத்துவிடுங்கள். மார்பை அழுத்தும் வலிக்கும் இதுவே முறை.

நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு, நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பலமுறை உண்டு. விரும்பாத நாள் ஏதேனும் இருந்தால், தேதி குறிக்கும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தனை நாள் தள்ளலாம், எதற்கு மேல் தள்ளலாகாது என்பதை அவர் கூறுவார். அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்லும் காலையில் சொன்னால் எவருக்கும் இடர்ப்பாடே. நட்சத்திரம் பார்த்து மகப்பேற்று அறுவைக்கு நாள் கேட்போர் மேலும் ஒன்றைக் கருத வேண்டும்: மருத்துவக் காரணம் இன்றி 39 வாரம் நிறையுமுன் எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத்திணறல் ஏற்படும் வாய்ப்பு மிகுதி.

படுக்கை எண்ணைப் பொறுத்தவரை, பொது வார்டிலும் தனியறைகளிலும் வேறு இடம் காலியாக இருந்தால் மாற்றித் தருகிறோம். சேர்க்கைப் பிரிவிலோ வார்டுச் செவிலியரிடமோ கேட்கலாம். அவசரப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அது இயலாது. எந்தக் கருவி எந்தப் படுக்கையருகே இருக்கிறது என்பதைக் கொண்டே அங்கு இடம் ஒதுக்கப்படுகிறது. பிற இடங்களில் தயங்காமல் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.