கழிமுகத்தில் ஒரு விடியற்காலை

எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என்றதும் புகைபோக்கிகளும் கன்டெய்னர் லாரிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஆனால் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தில் கூழைக்கடாவும் நாரையும் கொக்கும் இரை தேடுகின்றன. பறவை காட்ட வேடந்தாங்கலுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நாம், வீட்டருகே இருப்பதைக் காட்ட மறந்துவிடுகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரில் ஒருவர், ஒரு கைப்பேசி, ஒரு குறிப்பேடு. இவ்வளவே போதும்.

இரவெல்லாம் பசித்திருந்த பறவைகள் விடியலில் சுறுசுறுப்பாக இரை தேடும். வெயில் ஏறினால் கானல் அலையில் படம் மங்கும். நீர் வற்றிச் சேறு தெரியும் வேளையில்தான் உள்ளான்கள் கூடும். நீர் ஏறி இறங்கும் நேரத்தை மீனவப் பெற்றோர் நன்கறிவர். அன்று அவர்களே ஆசிரியர்கள். பறவைகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களையும் பிள்ளைகள் எழுதிவரட்டும்.

நம் கடற்கரையில் சூரியன் கடல் பக்கம் உதிக்கிறது. கடலுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து நின்றால் ஒளி பறவையின் மேல் விழும். திரும்பி நின்றால் கரிய உருவம் மட்டுமே கிடைக்கும். கைப்பேசியில் பறவை சிறிதாகத்தான் தெரியும், பரவாயில்லை. அலகும் காலும் தெரிந்தால் இனம் காணலாம். கரிய கால், மஞ்சள் பாதம், கரிய அலகு என்றால் அது சின்னக் கொக்கு. பழுப்புத் தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் இருக்கும். லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பறவை அது. படத்தைப் பெரிதாக்கி, வலசையையும் அலகின் தகவமைப்பையும் வகுப்பில் பேசலாம்.

சில விதிகளை முன்பே சொல்லிவிட வேண்டும். பறக்கும் படத்துக்காகப் பறவையை விரட்டக் கூடாது. நெடுந்தொலைவு வந்த பறவை சேர்த்துவைக்கும் கொழுப்பே அது திரும்பிச் செல்வதற்கான உணவு. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. கூட்டருகே போகக் கூடாது. சேற்றில் இறங்கக் கூடாது. துறைமுகம், அனல்மின் நிலையம் ஆகியவற்றைப் படமெடுக்கக் கூடாது.

படத்தைவிட முக்கியமானது அதனுடன் எழுதும் தேதி, நேரம், இடம், எண்ணிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இக்கழிமுகத்தில் பரவியது. கூழைக்கடாக்களின் மேல் எண்ணெய் படிந்தது. எண்ணெய் பட்ட இறகுகள் ஒட்டிக்கொள்ளும். நீர் உள்ளே புகும். உடல் வெப்பம் குறையும். கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். அதற்கு முன் அங்கே எத்தனை பறவைகள் இருந்தன என்று கேட்டால், தேதியிட்ட குறிப்பு வைத்திருப்பவரால்தான் பதில் சொல்ல முடியும்.

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், 15 நிமிடம் எண்ணினால் ஓராண்டில் பன்னிரண்டு பதிவுகள் கிடைக்கும். கணக்குப் பாடத்தில் அதைப் பட்டை வரைபடமாக்கலாம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், இ-பேர்ட் தளம் வழியாகச் சேர்க்கலாம். தன் ஊரைப் பற்றிக் கேட்கும்போது புகைபோக்கியோடு நிறுத்தாமல், எத்தனை கூழைக்கடாக்கள் வந்தன என்றும் அந்தப் பிள்ளை சொல்லும்.